கடுகண்ணாவை ஏற்றமும் காரின் கிளச்சும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை மாவனல்லையைக் கடந்ததும் மலையைச் சுற்றி வளைந்து ஏறத் தொடங்குகிறது. ஒரு புறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. அந்த ஏற்றத்தின் உச்சியில் அமைந்த ஊரே கடுகண்ணாவை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில், இச்சாலை வெட்டப்பட்டது. அப்பணியில் முன்னின்ற பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் சாலையோரத்தில் நிற்கிறது.

மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்குமாக வகுக்கப்பட்ட அவ்வழியில் இன்று லொறிகளும் பேருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறுகின்றன. அவ்வரிசையில் எப்போதாவது ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் காணப்படும். விரைந்து ஓடுவதற்கென்றே பிறந்த அவ்வண்டி, பாரம் ஏற்றிய லொறியின் பின்னே நின்றும் நகர்ந்தும் செல்ல வேண்டியதாகிறது. அதன் கிளச்சுக்கு உண்மையான சோதனை இதுவே.

கிளச் என்பது எஞ்சினையும் கியர்பெட்டியையும் வேண்டியபோது இணைத்து, வேண்டாதபோது பிரிக்கும் உறுப்பு. எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும், வில்லின் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே உராய்வுத் தகடு ஒன்று நெரிக்கப்படுகிறது. வண்டி புறப்படும் வேளையில் அத்தகடு சிறிது வழுக்க வேண்டும். புறப்பட்டபின் சிறிதும் வழுக்கலாகாது. முரண்பட்ட இவ்விரு கடமைகளையும் ஒருங்கே ஆற்றுவதில்தான் அதன் சிறப்பு அடங்கியிருக்கிறது.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்ளலாம். அதன் 1798 கன சென்ரிமீற்றர் எஞ்சின் ஏறத்தாழ 149 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையைத் தருவது. கிளச் தகட்டின் விட்டம் 8 அங்குலம். எஞ்சினைச் சீர்திருத்தி அவ்விசையை நாலில் ஒரு பங்கு உயர்த்தினால் அது 186 ஆகும். அதனைத் தாங்கும் கிளச் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் தயாரிப்பாளர்கள் கிளச்சின் தாங்குதிறனை எஞ்சின் விசைக்குச் சற்று மிகையாகவே வைப்பது வழக்கம். ஆதலால் எஞ்சினில் மாற்றமேதும் செய்யாதவர்க்குப் புதிய நல்ல சாதாரணக் கிளச்சே போதுமானது.

பழைய கிளச் வழுக்குகிறது என்பதற்காக உடனே வலிய கிளச்சைத் தேடுவதும் தவறு. எஞ்சினின் பின்புற எண்ணெய் அடைப்பு கசிந்து தகட்டை நனைத்திருக்கலாம். அக்கசிவை நிறுத்தாமல் எத்துணை விலையுயர்ந்த கிளச்சைப் பொருத்தினாலும் அதுவும் வழுக்கும். நோயின் முதல் அறியாமல் மருந்து கொடுப்பதில் பயனில்லை.

தாங்குதிறனைக் கூட்டும் வழிகள் சில உள. வில்லின் அழுத்தத்தைக் கூட்டலாம். ஆனால் மிதி கடினமாகும், எஞ்சினின் அச்சுத்தண்டைத் தாங்கும் வளையங்களும் விரைவில் தேயும். தகட்டின் விட்டத்தைப் பெருக்கலாம். அதற்கு இடம் வேண்டும். உராய்வுப் பொருளை மாற்றலாம். நாரும் பிசினும் கலந்த சாதாரணத் தகடு மென்மையாகப் பற்றும். உலோகமும் பீங்கானும் கலந்த தகடு மிகுந்த வெப்பத்தைத் தாங்கும். எனினும் சட்டென்று பற்றி வண்டியை உதறச் செய்யும். பந்தயத் திடலில் அது குணம். கடுகண்ணாவையில் லொறியின் பின்னே அங்குலம் அங்குலமாக நகரும்போது அதுவே குறை. பிளைவீலின் எடையைக் குறைப்பதும் அத்தகையதே. எஞ்சின் விரைந்து சுழலும். ஏற்றத்தில் புறப்படுகையில் எளிதில் நின்றுவிடும்.

எத்தகைய கிளச்சானாலும் ஏற்றத்தில் வண்டியை அதனாலேயே தாங்கி நிறுத்துவது பெருந்தீங்கு. 1000 கிலோகிராம் எடையுள்ள காரை, பதினான்கு அடிக்கு ஓரடி உயரும் சரிவில், ஹான்ட் பிரேக்கை இழுக்காமல் கிளச்சினாலேயே நிறுத்திவைத்தால் ஏறத்தாழ 2 கிலோவாற் வெப்பம் அத்தகட்டில் பிறக்கும். நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தலின் வெப்பத்துக்கு அது ஒப்பாகும். தகடு கருகி வழுக்கிய வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால், பின்னே வரும் மோட்டார் சைக்கிள்காரர் என் செய்வார்? இறக்கத்திலும் தாழ்ந்த கியர் வண்டியை அடக்குவது கிளச் வழுக்காமல் பற்றினால்தான்.

பொருத்தும் வேலை பொறுமையை வேண்டுவது. எம்.ஜி.பி. காரில் கிளச்சை மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். பழைய தகடுகளில் கல்நார் இருக்கலாம். அத்தூளைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும், ஏனெனில் அது நுரையீரலுக்குக் கேடு செய்வது. பிளைவீலின் முகத்தில் வெடிப்போ நீல நிறமான வெப்பத் தழும்போ உண்டா என நோக்கி, தேவையாயின் கடைந்தெடுக்க வேண்டும். தகட்டை நேர்மையத்தில் நிறுத்த அதற்குரிய தண்டைப் பயன்படுத்தி, போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். எண்ணெய்க் கை உராய்வு முகத்தில் படலாகாது. கியர்பெட்டியின் பாரம் ஒரு நொடியேனும் தகட்டில் தொங்கினால் தகடு வளைந்துவிடும். வேலை முடிந்தபின் கிளச் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிவிட வேண்டும்.

புதுக் கிளச்சைப் பொருத்திய அன்றே வேகம் காட்டுதல் தகாது. முதற் சில நூறு கிலோமீற்றர் மென்மையாக ஓட்டினால்தான் உராய்வு முகங்கள் ஒன்றோடொன்று படிந்து பொருந்தும். எம்.ஜி.பி.யின் ரிலீஸ் பேரிங் கரியினால் ஆனது. மிதியின்மேல் காலை ஓயாது வைத்திருப்பவர் அதனை வீணே தேய்த்துவிடுவார். கியர் மாற்றியதும் காலை எடுத்துவிடுவது காசு செலவில்லாத காப்பு.

ஆகவே, கிளச் வாங்கப் போகிறவர் எஞ்சினின் விசையைக் கணக்கிடுவதோடு தாம் நாள்தோறும் செல்லும் வழியையும் எண்ணிப் பார்ப்பாராக. பந்தயத்தில் வெல்வோருக்கு ஒரு கிளச். மலைச்சாலையில் வீடு சேர்வோருக்கு வேறொரு கிளச். கடுகண்ணாவை வளைவில் நின்று, நடுங்காமலும் பின்வாங்காமலும் அமைதியாகப் புறப்படும் காருக்கே பொருத்தமான கிளச் அமைந்தது எனலாம்.