நான்கு அங்குலக் கல்வி

(ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பண்டைய சீனச் சிந்தனையாளர்கள் மனத்தையும் உடலையும் எப்படிப் பார்த்தார்கள் என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு குழந்தை ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று எப்போது சொல்லலாம்? இந்தக் கேள்விதான் அந்தத் தொடர்பு.

கி.மு. 479-இல் கன்பூசியஸ் மறைந்தார். கி.மு. 221-இல் சீனா ஒரே பேரரசாக இணைந்தது. இடைப்பட்ட காலத்தில் பல நாடுகள் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்தன. நல்ல மனிதரை உருவாக்குவது எப்படி என்பது அன்று நாட்டின் உயிர்ப் பிரச்சினை. மென்சியஸ், சுன்சி, ஜுவாங்சி ஆகிய மூவரும் அந்தக் காலத்தவர்கள்.

அவர்கள் எல்லோரும் பயன்படுத்திய ஒரு சொல் ‘ஷின்’. அதன் பழைய எழுத்து வடிவம் இதயத்தின் படம். ஆனால் சிந்திப்பதும் உணர்வதும் முடிவெடுப்பதும் அதே ஷின்தான். தமிழில் இதற்கு நெருக்கமான சொல் ‘நெஞ்சு’. மார்பையும் நெஞ்சு என்கிறோம், மனத்தையும் நெஞ்சு என்கிறோம்.

இதை வைத்துக்கொண்டு, ‘மேற்கு உலகம் மனத்தையும் உடலையும் பிரித்தது, கிழக்கு உலகம் இரண்டையும் ஒன்றாகவே கண்டது’ என்று பலர் எழுதிவிட்டார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் மாணவர்களிடம் இதை அப்படியே சொல்ல வேண்டாம். எட்வர்ட் சிலிங்கர்லாண்ட் என்னும் ஆய்வாளர் 2019-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கருத்தை விரிவாக மறுத்திருக்கிறார். பண்டைய சீனரும் நெஞ்சை மற்ற உறுப்புகளிலிருந்து வேறுபடுத்தியே பார்த்தார்கள். கண்ணும் காதும் சிந்திப்பதில்லை, பொருள்கள் இழுத்த பக்கம் போய்விடும், சிந்திப்பது நெஞ்சின் பணி என்பது மென்சியஸின் கருத்து. சுன்சியோ நெஞ்சை உடலின் அரசன் என்றார். அரசன் ஆணையிடுவான், பிறர் ஆணையை ஏற்க மாட்டான்.

அப்படியானால் அவர்களிடம் தனித்தன்மை எங்கே இருக்கிறது? கல்வி எங்கே போய் முடிகிறது என்பதற்கு அவர்கள் தந்த விடையில் இருக்கிறது.

மென்சியஸ் சொன்ன எடுத்துக்காட்டு ஒன்று. ஒரு சிறு குழந்தை கிணற்றில் விழப்போகிறது. பார்ப்பவர் யாராக இருந்தாலும் பதறுவார். குழந்தையின் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்கவோ, ஊரார் புகழவோ அந்தப் பதற்றம் வருவதில்லை. கணக்குப் போடுவதற்கு முன்பே நெஞ்சு துணுக்குறுகிறது. அதுதான் அன்பின் முளை என்றார் அவர். முளை இருந்தால் போதாது, வளர்க்க வேண்டும். வளர்ந்து வேரூன்றிய நற்குணம் முகத்தில் ஒளியாகத் தெரியும், முதுகில் தெரியும், கைகால்களின் அசைவில் தெரியும் என்பதும் அவர் கருத்து. நல்லொழுக்கத்தை விடைத்தாளில் தேடாமல் உடலில் தேடியவர் அவர்.

1993-இல் ஹூபெய் மாநிலத்தில் குவோதியன் என்னும் இடத்தில் ஒரு பழைய கல்லறையிலிருந்து சுமார் 800 மூங்கில் ஏடுகள் கிடைத்தன. ஏறத்தாழ கி.மு. 300-ஐச் சேர்ந்தவை. பிறர்மீது கொள்ளும் அன்பைக் குறிக்கும் ‘ரென்’ என்ற சொல்லை இன்று ‘மனிதன்’, ‘இரண்டு’ என்னும் இரு குறிகளைச் சேர்த்து எழுதுகிறார்கள். அந்த ஏடுகளில் மேலே ‘உடல்’, கீழே ‘நெஞ்சு’ என்று எழுதியிருக்கிறது.

சுன்சி பல வகையில் மென்சியஸுக்கு நேர் எதிரானவர். மனித இயல்பு நல்லதல்ல, வளைந்த மரத்தை ஆவியில் காட்டி நிமிர்த்துவதுபோல் பயிற்சியால்தான் மனிதரைத் திருத்த முடியும் என்றார். ஆனால் கல்வி உடலில் வந்து சேர வேண்டும் என்பதில் அவரும் உடன்படுகிறார். உயர்ந்தோர் கல்வி காது வழியே நுழைந்து, நெஞ்சில் தங்கி, கைகால்களில் பரவி, நடத்தையாகிறது. மற்றவர் கல்வி காது வழியே நுழைந்து வாய் வழியே வெளியேறிவிடுகிறது. காதுக்கும் வாய்க்கும் இடையே இருப்பது நான்கு அங்குலம். ஏழடி உடலை அது எப்படிச் செம்மையாக்கும் என்று கேட்கிறார். அவருடைய அங்குலமும் அடியும் நம்முடையவற்றைவிடச் சிறியவை. கேள்வி சிறியதல்ல.

ஜுவாங்சி இந்த இருவரின் வழியிலிருந்தும் விலகியவர். அவர் பெயரில் வழங்கும் நூலில் எழுபது வயதுச் சக்கரத் தச்சர் ஒருவர் வருகிறார். நூல் படித்துக்கொண்டிருக்கும் அரசனிடம் தன் தொழிலை விளக்குகிறார். உளியை மெதுவாக இயக்கினால் பிடிப்பு இல்லை, வேகமாக இயக்கினால் உள்ளே இறங்காது. சரியான அளவு கைக்குத் தெரியும், நெஞ்சுக்குத் தெரியும், வாயால் சொல்ல வராது. மகனுக்குக்கூட அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்கிறார்.

நண்பர்களே, நம் மதிப்பீடுகளில் பெரும்பகுதி அந்த நான்கு அங்குலத்தைத்தான் அளக்கிறது. விடை சொல்வது தேவைதான். அதோடு நின்றுவிடாமல், இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டர் என்றால் 100 சென்டிமீட்டர் என்று சொன்ன குழந்தையிடம் அளவுகோல் இல்லாமல் ஒரு மீட்டர் கயிறு வெட்டித் தரச் சொல்லுங்கள். விட்டுக்கொடுத்தல் பற்றி நன்றாக எழுதிய மாணவர் தண்ணீர்க் குழாயடியில் எப்படி நிற்கிறார் என்று கவனியுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். பாடம் எதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்தால் போதும்.

அவசரமும் வேண்டாம். பயிர் சீக்கிரம் வளரட்டும் என்று ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிட்ட உழவரின் கதையையும் மென்சியஸே சொல்லியிருக்கிறார். அவர் மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது பயிர் வாடிக் கிடந்தது. காதிலிருந்து நெஞ்சுக்கும், நெஞ்சிலிருந்து கைக்கும் பாடம் இறங்க நாளாகும். அந்த நாட்களைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது நம் பணியில் ஒரு பகுதி.