வலிக்காமல் சுடும் வெளிச்சம்

திருவிழாக் கடையில் பேனா மாதிரி லேசர் லைட் விற்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் கோபுரத்து உச்சியில் பச்சைப் புள்ளி! பையன்களுக்கு அது போதாது. எதிரே வருகிறவர் முகத்திலும் அடித்துப் பார்ப்பார்கள்.

சின்ன வெளிச்சம்தானே, என்ன ஆகிவிடும்? கையில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கண்ணில் பட்டால் கதையே வேறு. கண்ணிலுள்ள லென்ஸ் அந்தக் கதிரை விழித்திரையில் ஊசிமுனை அளவுக்குக் குவித்துவிடும். வெயிலில் பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குகிற அதே வேலை. விழித்திரைக்கோ வலி தெரியாது. சுட்டதே தெரியாமல், பார்வையின் நடுவில் கரும்புள்ளி மட்டும் மிஞ்சும்.

சக்தி 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால், கால் நொடிக்குள் இமை தானாக மூடிக் காப்பாற்றிவிடும். அதற்கு மேலே போகப் போக, இமைக்கிற நேரத்துக்குள்ளேயே காயம் பட்டுவிடலாம். லேபிளையும் நம்ப முடியாது. அதில் போட்டிருப்பதைவிடப் பல மடங்கு சக்தியுள்ளவையும் விற்பனைக்கு வருகின்றன. வெளிச்சம் பட்டபின் பார்வை மங்கினால், கண்ணைக் கசக்காமல் கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பையன் லேசர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒரு பலூன் வாங்கிக் கொடுங்கள். வெடித்தாலும் சத்தத்தோடு போய்விடும்!