'நாலு' போட்ட பிறகு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூடைப்பந்தைப் பற்றி மட்டும் பேசும்படி செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நேரே 1987க்குப் போகிறேன். கல்லூரிகளுக்கிடையேயான இறுதி ஆட்டம். ஒரு பாயிண்டு பின்தங்கியிருக்கிறோம். பந்து நம்மிடம். மீதி இருபது விநாடி. நான் கார்டு. நான்கு விரலைத் தூக்கிக் காட்டினேன். நமக்கிருந்த ஒரே செட் அதுதான், பெயர் 'நாலு'. (மற்ற மூன்றும் எங்கே என்று கேட்காதீர்கள்!)

'நாலு' என்றால் இதுதான். கார்டு வலது விங்குக்குப் பந்தைக் கொடுப்பான். ஃப்ரீ த்ரோ கோட்டின் மூலையில் போஸ்ட் ஸ்கிரீனாக நிற்பான். அவன் தோளை உரசிக்கொண்டு கார்டு ரிங்குக்கு ஓடுவான். பந்து வந்தால் லே-அப். ஜான் வுடனின் அணி ஆடிப் புகழ்பெற்றதால் இதற்கு 'யு.சி.எல்.ஏ. கட்' என்று பெயர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அன்று பந்து வரவில்லை. எதிரணிக்கு நம் 'நாலு' மனப்பாடம். விங் ஆள் பந்தை மேலே வந்த போஸ்ட்டிடம் கொடுத்துவிட்டு, எனக்கு ஸ்கிரீன் போடக் கீழே இறங்கினான். நானோ கையைத் தூக்கி, "திரும்பப் போடுறா!" என்று கத்திக்கொண்டே பந்தை நோக்கி ஓடினேன். என் ஆளும் கூடவே வந்தான். போஸ்ட்டுக்குக் கொடுக்க வழியில்லை. மணி அடித்துவிட்டது.

பஸ்ஸில் அவனிடம், "ஏண்டா பந்தைக் குடுக்கலே?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. பல ஆண்டுகள் நானும் அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகொரு கல்யாணப் பந்தியில் அவனே நாலைந்து டம்ளரை இலை ஓரம் வைத்துக் காட்டினான். "இது நீ. இது உன் ஆளு. ஸ்கிரீன்லே மாட்டிக்கிட்டான் பாரு. நீ மட்டும் விங்குக்கு வந்திருந்தா தனியா நின்னிருப்பே. நீ கையைத் தூக்கிக்கிட்டு என்கிட்டே வந்துட்டே, மச்சான்." சாம்பார் ஆறிப்போயிற்று. டம்ளர்கள் பொய் சொல்லவில்லை. இப்போது மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறானே, அவன்தான். டேய், மன்னிச்சிரு.

ஏன் நின்றேன்? பயிற்சியில் 'நாலு' பலிக்காவிட்டால் உடனே விசில். "முதல்லேருந்து!" என்று குரல் வரும். கால்களும் அதையே படித்துக்கொண்டன.

தம்பிகளே, அந்த இரண்டாவது ஸ்கிரீனோடு செட் முடிந்தது. அதற்கப்புறம் நம்பர் கிடையாது, கண்தான். உன் ஆள் உன் முதுகுக்குப் பின்னால் துரத்தினால், ஸ்கிரீனைச் சுற்றி வளைந்து ரிங்குக்குப் போ. அவன் குறுக்குவழியில் உள்ளே புகுந்தால், வெளியே விலகி நின்று வாங்கி ஷூட் பண்ணு. பாஸை மறித்துக் கையை நீட்டினால், அவன் முதுகுப் பக்கமாக வெட்டி ஓடு. இரண்டு பேரும் உன்னையே பிடித்தால் ஸ்கிரீன் போட்டவன் ரிங் பக்கம் திரும்பட்டும். ஒருவருக்கொருவர் பதினைந்து, பதினெட்டு அடி இடைவெளி இருக்க வேண்டும். பாஸ் கொடுத்தவன் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. வெட்டி ஓட வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் போய் இன்னொருவனுக்கு ஸ்கிரீன் போட வேண்டும்.

எங்களுக்கு ஒரு தாக்குதலுக்கு முப்பது விநாடி இருந்தது. 2000லிருந்து இருபத்து நாலுதான். பந்தைக் கொண்டு வந்து செட்டை ஓட்டுவதற்குள் பாதி போய்விடும். திரும்ப முதலிலிருந்து தொடங்க நேரமேது?

1996 மார்ச்சில், முந்தைய ஆண்டு சாம்பியனான அதே யு.சி.எல்.ஏ.வை, பீட் கரில் பயிற்சியளித்த பிரின்ஸ்டன் 43-41 என்று வென்றது. 41-41 என்றிருந்தபோது கேப் லெவல்லிஸ் ரிங்குக்கு வெட்டினார், பந்து வரவில்லை. வெளியே வந்தார், உடனே மறுபடி வெட்டினார். ஸ்டீவ் குட்ரிச் தரையில் தட்டிக் கொடுத்த பாஸ், லே-அப். மீதி நாலு விநாடிகூட இல்லை. அந்த ஆட்டத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது ஓட்டம்தான் கண்ணில் நிற்கிறது.

பி.டி. சாருக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள், செட்டின் முதல் வாய்ப்பில் போட்ட கூடைக்குக் கணக்கில்லை என்று வையுங்கள் சார். பலிக்காத இடத்தில் விசில் ஊதாமல் பத்து விநாடி விட்டுப் பாருங்கள். முதல் வாரம் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள், சந்தைக்கடை மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

நாளைக் காலை ஆறரைக்கு முன்னாள் மாணவர்களுக்கும் இன்றைய அணிக்கும் ஆட்டம். நாங்கள் 'நாலு'தான் போடுவோம், வேறு தெரியாது. அவன் மேலே வாங்குவான், நான் விங்குக்கு வருவேன். யாரிடமாவது நல்ல நீ-கேப் இருந்தால் ஒரு ஜோடி கொண்டு வாருங்கள்.