சங்கு ஒலித்தால் நிற்க வேண்டும்



விளையாட்டு விதிகளுள் பெரும்பாலானவை ஆட்டத்தை எவ்வாறு ஆடவேண்டும் என்று கூறுவன. எப்பொழுது ஆடாமல் நிற்கவேண்டும் என்று கூறும் விதிகள் மிகச் சிலவே. கோல்ஃப் ஆட்டத்தில் வழங்கும் அத்தகைய விதி ஒன்றை இன்று ஆராய்வோம். நம்முள் பெரும்பாலோர் அவ்வாட்டத்தை ஆடியதில்லை. எனினும் அவ்விதியில் நமக்குரிய பாடம் உண்டு.

நம் நாட்டுக்குக் கோல்ஃப் புதியதன்று. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே அதற்கென ஒரு சங்கம் தோன்றியது. கொடைக்கானலில் 1895-இல் தோன்றியது. பரந்த வெளியில், உலோக முனை கொண்ட கோலைத் தலைக்கு மேல் ஓங்கிப் பந்தை அடிப்பதே அவ்வாட்டம். இடியும் மின்னலும் தொடங்கிவிட்டால், அவ்வெளியில் நிற்பவனைவிட உயர்ந்த பொருள் சுற்றிலும் இராது.

மழை பெய்கிறது என்பதற்காக மட்டும் ஆட்டக்காரன் தானே ஆட்டத்தை நிறுத்துவதை விதி ஏற்பதில்லை. நனைந்தாலும் ஆடவேண்டும். ஆனால் மின்னலால் ஆபத்து உண்டென்று அவன் நியாயமாகக் கருதினால், எவருடைய ஆணைக்கும் காத்திராமல் நின்றுவிடலாம். விரைவில் ஆட்டக்குழுவுக்கு அறிவித்தால் போதும். குழுவே ஆபத்தை உணர்ந்தால் சங்கு ஊதும். மூன்று முறை அடுத்தடுத்து ஊதினால் அது சாதாரண நிறுத்தம். தொடங்கிய குழியை ஆடி முடிக்கலாம். நீண்ட ஒரே ஓசையாக ஊதினால் அக்கணமே நிற்கவேண்டும். ஓங்கிய கோலையும் இறக்கிவிட வேண்டும். அதன் பின்னும் ஓர் அடி அடிப்பவன் போட்டியிலிருந்தே நீக்கப்படுவான்.

இத்துணைக் கடுமை ஏன்? போட்டியில் முதலில் நிற்பவன் கோழை எனப்படுவானோ, வெற்றியை இழப்பானோ என்ற அச்சமே பலரை வெளியில் நிறுத்தி வைக்கிறது. விதி அவ்வச்சத்தைப் போக்குகிறது. அனைவரும் ஒருங்கே நிற்கின்றனர். பந்து கிடந்த இடத்திலிருந்தே ஆட்டம் மீண்டும் தொடங்குகிறது. நின்றவன் எதையும் இழப்பதில்லை. துணிவைக் காட்டுவதால் எவனும் எதையும் பெறுவதுமில்லை.

அனுபவமும் இக்கடுமையை நியாயப்படுத்துகிறது. 1975-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே நடந்த போட்டியில் லீ டிரெவினோ என்னும் புகழ்பெற்ற வீரரும் வேறு இருவரும் மின்னலால் தாக்குண்டனர். டிரெவினோவின் முதுகு நெடுங்காலம் துன்புற்றது. 1991-ஆம் ஆண்டு மினசோட்டா மாநிலத்தில் நடந்த போட்டியின்போது, மரத்தடியில் ஒதுங்கிய பார்வையாளர் அறுவரை மின்னல் தாக்கியது. அவருள் ஒருவர் உயிர் நீத்தார்.

இனி நம் பக்கம் வருவோம். தாம்பரத்தை அடுத்த சேலையூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டு இப்பக்கம் வந்தது. மரமடர்ந்த அதன் வளாகமும், ஆட்டத் திடல்களும், அண்மையில் சேலையூர் ஏரியும் உள்ள திறந்த நிலப்பகுதி இது. தென்மேற்குப் பருவக்காலத்தில், பகல் வெயிலால் சூடேறிய உள்நாட்டு நிலத்தின்மேல் எழும் முகில்கள் மாலையில் இடிமழையாகப் பொழிவதுண்டு. நம் மாணவர்கள் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் திடலில் இறங்குவதும் அதே மாலைப் பொழுதில்தான். அங்கே சங்கு ஊத எவரும் இல்லை.

ஆதலின் சங்கை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். ஒளி உடனே கண்ணுக்கு எட்டுகிறது. ஒலியோ ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி கொள்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாயின், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது. அது நம்மைத் தாக்கக்கூடிய தொலைவே. இடியோசை கேட்டாலே உள்ளே செல்வது இன்னும் நன்று. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பின்னரே திரும்ப வேண்டும். மரத்தடியும், சுவரில்லாத கொட்டகையும் புகலிடங்கள் அல்ல. சுவருள்ள கட்டடமோ, கதவடைத்த மோட்டார் வண்டியோ வேண்டும். தாக்குண்டவர் உடலில் மின்சாரம் தங்கியிராது. தயங்காமல் தொட்டு முதலுதவி செய்யலாம்.

இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலால் மாள்கின்றனர். அவருட் பலர் வயல்வெளியில் உழைப்போர். வேலையைப் பாதியில் விட்டால் அன்றைய கூலி போய்விடும் என்ற கவலை அவர்களுக்கு உண்டு. நமக்கு அக்கவலை இல்லை.

ஆகவே மாணவர்களே, ஆட்டம் தொடங்குமுன் இரு அணித் தலைவர்களும் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: இடி கேட்டால் நிற்போம், ஓட்டங்களும் கோல்களும் அப்படியே இருக்கும், நின்றவனை எவரும் நகையாடோம். உழவர்க்கும் அவ்வாறே, நின்றால் கூலி குறையாது என்னும் உறுதியை அளிக்கும் நாளை உருவாக்குவது, கற்றவர்களாகிய உங்கள் கடமையாகும்.