சிக்கரிக்கு எத்தனை பெயர்?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



சுங்க வரி என்பது துறைமுகத்துப் பெரிய வியாபாரிகளின் கணக்கு, நமக்கு அதில் என்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. காலை ஷிப்டுக்குப் போகுமுன் நாம் குடிக்கும் காப்பியிலேயே அந்தக் கணக்கு கலந்திருக்கிறது. ஆகவே, காப்பியையும் அதற்குப் பதிலாக விற்கப்படும் சரக்குகளையும் வைத்தே இந்த விஷயத்தைப் பார்ப்போம்.

எந்தச் சரக்கும் ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டும்போது அதற்கு ஓர் எண் வேண்டும். எண்ணைப் பொறுத்தே வரி. முன்பு நாட்டுக்கு நாடு பட்டியல் வேறுபட்டது. 1952ல் சுங்க ஒத்துழைப்புக் கவுன்சில் என்ற அமைப்பு ஏற்பட்டது. பிரஸ்ஸல்ஸ் நகரம் அதன் தலைமையிடம். 1994 முதல் அதற்கு உலக சுங்க அமைப்பு என்று பெயர். அது தயாரித்த ‘ஹார்மோனைஸ்டு சிஸ்டம்’ என்னும் பொதுப் பட்டியல் 1988 ஜனவரி 1ந் தேதி அமுலுக்கு வந்தது. இன்று 200க்கு மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் இதையே உபயோகிக்கின்றன. எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் எங்கும் ஒன்றே. வரி எவ்வளவு என்பதை அந்தந்த நாட்டுச் சர்க்கார் தீர்மானிக்கிறது.

இப்பொழுது சிக்கரியைப் பாருங்கள். அது ஒரு செடியின் வேர். நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. தோண்டியெடுத்து, துண்டு போட்டு, உலர்த்திய வேர், வறுபடாத வரையில், 1212 என்ற தலைப்பில் இருக்கிறது. 2012ல் அதற்கு 1212.94 என்று தனி எண்ணே கொடுத்தார்கள். அதே வேரை வறுத்துவிட்டால் 2101க்குப் போய்விடுகிறது. வறுத்த காப்பி மாற்றுச் சரக்குகளுக்கு அதுதான் இடம். அந்தச் சிக்கரிப் பொடியில் காப்பிப் பொடியைக் கலந்தாலோ, மறுபடி இடம் மாறி 0901க்கு வந்துவிடுகிறது. காப்பிக் கொட்டையும் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறது. எந்த விகிதத்தில் காப்பி கலந்திருந்தாலும் அங்கே இடம் உண்டு என்பது பட்டியலின் விதி. நூற்றுக்குப் பத்துப் பங்கு காப்பியானாலும் சரி, அறுபது பங்கானாலும் சரி, தலைப்பு ஒன்றுதான்.

பார்லியின் கதையும் இதுவே. முளை கட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர். வறுத்த மால்ட் சாதாரணமாக 1107ல் சேரும். ஆனால் அதையே காப்பிக்கு மாற்றாக விற்கத் தயார் செய்திருந்தால், 11ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு அதை வெளியே அனுப்பிவிடுகிறது. அப்பொழுது அதற்கு இடம் 2101. காப்பி சேர்ந்திருந்தால் 0901. தானியம் ஒன்று, அடுப்பு ஒன்று. எதற்காக விற்கிறார்கள் என்பது மட்டுமே வேறு.

சரி, எண் மாறினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஐரோப்பிய யூனியனின் பொது வரி விகிதத்தைப் பாருங்கள். காஃபீன் நீக்காத பச்சைக் காப்பிக் கொட்டைக்கு வரியே கிடையாது. அதையே வறுத்து அனுப்பினால் 7.5 சதவிகிதம். காப்பி கலந்த மாற்றுச் சரக்கானால் 11.5 சதவிகிதம். வறுத்த சிக்கரிக்கும் அதே 11.5. சில நாடுகளுக்குச் சலுகை உண்டு என்பது வேறு விஷயம். ஆனால் ஏணி எப்படிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிகிறதல்லவா? கொட்டையாக வந்தால் கதவு திறந்திருக்கிறது. பொடியாக வந்தால் காசு வைக்க வேண்டும்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிய கதை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் நம் கைத்தறித் துணிக்குக் கனத்த வரி போட்டது. பஞ்சை மட்டும் தாராளமாக ஏற்றிக்கொண்டு போனது. நூற்கிற வேலையும் நெய்கிற வேலையும் அங்கே போயின. காப்பியிலும் வறுப்பது, அரைப்பது, பொட்டலம் கட்டுவது ஆகிய வேலைகளும் அவற்றின் கூலியும் எங்கே தங்குவது என்பதில் இந்தச் சதவிகிதங்களுக்குப் பங்குண்டு. குடகிலும் சிக்மகளூரிலும் பழம் பறிக்கும் கைகளுக்கு முதற்படிக் கூலியே மிஞ்சுகிறது.

வரி என்றாலே தீமை என்று நாம் சொல்லவில்லை. நம் காப்பித் தோட்டங்களைக் காக்க நம் சர்க்காரும் இறக்குமதிக்கு வரி வைத்திருக்கிறது. யாரைக் காக்க, யாரிடமிருந்து காக்க என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சுங்கப் பட்டியல் சரக்குக்கு எண் கொடுக்கும். குடிப்பவனுக்குக் காவல் நிற்காது. அந்தக் காவல் உணவுச் சட்டத்தின் வேலை. நம் நாட்டில் காப்பி–சிக்கரிக் கலவை என்று விற்கும் பொடியில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது. சிக்கரி 49க்கு மேற்படக்கூடாது. விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா காப்பி பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத விலைக்கு ஏறியது. காப்பி விலை ஏறும்போதெல்லாம் சிக்கரியைக் கூட்டும் ஆசையும் ஏறும். சிக்கரி விஷமல்ல. சிக்கரியைக் கொடுத்துவிட்டுக் காப்பியின் விலையை வாங்குவதுதான் மோசடி.

ஒரு டம்ளர் தண்ணீரின் மேல் பொடியைத் தூவிப் பாருங்கள். காப்பித்தூள் மிதக்கும். சிக்கரித்தூள் நிறத்தை இழுத்துவிட்டுக்கொண்டே அடியில் இறங்கும். பொட்டலத்தின் மேலுள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். படிக்கத் தெரியாத தோழருக்குப் படித்துக் காட்டுங்கள். கடைக்காரரிடம் விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.