செய்நிரலாளரின் மனக்குறை



ஒல்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரிலே 1957ஆம் ஆண்டில் ஒரு திருமணப் பதிவு நிகழ்ந்தது. மணமகனின் தொழில் யாது என்று வினவப்பட்டது. செய்நிரலாளர் என்று அவர் விடையிறுத்தார். அப்படியொரு தொழில் இல்லையென நகர அலுவலர்கள் அதனை ஏற்க மறுத்தனர். ஈற்றில், கோட்பாட்டுப் பௌதிகவியலாளர் என்றே அவருடைய பதிவிலே எழுதப்பட்டது. அந்த மணமகன்தான் பின்னாளிற் கணினியியலின் பேரறிஞருள் ஒருவராகப் போற்றப்பெற்ற எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1972ஆம் ஆண்டிலே டியூரிங் விருதுக்குரிய உரையை நிகழ்த்தியபோது இச்செய்தியை அவரே நகைச்சுவை ததும்ப எடுத்துரைத்தார்.

இன்று அத்தொழில் இல்லையென்பார் எவருமிலர். உயர்தர வகுப்பிற் சேர வரும் மாணவர் பலர் அதனையே நாடுகின்றனர். பெற்றோரும் அதனையே விரும்புகின்றனர். எனினும் அத்தொழிலைச் செய்வோர் நாள் முழுதும் யாது செய்கின்றனர் என்று கேட்டால், "கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறார்கள்" என்பதற்கு மேல் விடை வருவதில்லை. தொழிலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதன் இயல்பு இன்னும் விளங்கவில்லை.

என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் கொழும்பிலே மென்பொருள் நிறுவனமொன்றிற் பணியாற்றுகின்றார். சித்திரை விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் என்னைக் காணத் தவறுவதில்லை. சம்பளக் குறையைப் பற்றிப் பேசுவார் என்று நான் எண்ணியதுண்டு. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. "சேர், எப்போது முடியும் என்று கேட்கிறார்கள். சொன்னால் அதிற் பாதி நாள் தருகிறார்கள். பிந்தினால் இன்னும் நான்கு பேரைக் கொண்டுவந்து பக்கத்தில் இருத்துகிறார்கள்" என்றார். உதவிக்கு ஆள் வருவதும் ஒரு குறையா என்று கேட்கத் தோன்றும். இக்குறையின் வரலாறு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் சிஸ்டம் 360 என்னும் கணினிக் குடும்பத்தை உலகுக்கு அறிவித்தது. அக்கணினிகளை இயக்குதற்குரிய மென்பொருளை ஆக்கும் பொறுப்பு பிரெடெரிக் புரூக்ஸ் என்பாரிடம் இருந்தது. வேலை உச்சத்தில் இருந்த வேளையில் ஆயிரம் பேருக்கு மேல் அதில் ஈடுபட்டனர். 1963 முதல் 1966 வரை அதன் ஆக்கத்திற்குச் சென்ற உழைப்பு ஏறத்தாழ 5000 மனித ஆண்டுகள் என்பது புரூக்ஸ் அவர்களின் மதிப்பீடு. இத்துணை உழைத்தும் மென்பொருள் குறித்த தவணையில் வந்து சேரவில்லை. பின்னர் அவர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, அந்த அனுபவத்தை நெடுங்காலம் ஆராய்ந்து, 1975ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். பிந்திவிட்ட மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அந்நூலிலே அவர் நிறுவ முயன்ற கருத்து. இன்று அதனைப் புரூக்ஸ் விதி என்றே வழங்குவர்.

இஃது எங்ஙனம் ஆகும்? ஓர் ஏக்கர் நெல்லைப் பத்துப் பேர் ஒரு நாளில் அரிவார்களாயின், இருபது பேர் அரை நாளில் அரிந்துவிடுவர். ஒருவர் அரிவாளை மற்றவர் கேட்க வேண்டியதில்லை. வயலைப் பங்கிட்டாற் போதும். மென்பொருளோ அவ்வாறு பங்கிடத்தக்கதன்று. ஒருவர் எழுதும் பகுதி மற்றவர் எழுதும் பகுதியோடு பொருந்த வேண்டும். ஆகவே ஒருவரோடொருவர் கலந்து பேசியே தீரவேண்டும். மூவர் இருப்பின் அவர்களுக்கிடையே மூன்று தொடர்புகள். பத்துப் பேராயின் 45. ஐம்பது பேராயின் 1225. ஆட்களைக் கூட்டக் கூட்ட வேலை செய்யும் நேரம் குறைந்து பேசும் நேரம் பெருகுகின்றது. மேலும், புதிதாக வருபவருக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டியவர் யார்? ஏற்கெனவே பிந்திப்போய்த் தவிக்கும் பழையவரே.

பாடசாலையிலே நேரசூசி அமைத்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். தவணை தொடங்கும் வேளையில் ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்கின்றார். அவருடைய பாடவேளை ஒன்றை நகர்த்தினால், அது வேறொரு வகுப்பின் விஞ்ஞானத்தோடு மோதுகின்றது; விஞ்ஞானத்தை நகர்த்தினால் ஆய்வுகூடம் ஒழிவில்லை; ஆய்வுகூடத்தை ஒழித்தால் சங்கீத ஆசிரியருக்கு ஒரே வேளையில் இரண்டு வகுப்புகள். அந்த மோதல்களையெல்லாம் மனத்திலே தாங்கிக்கொண்டு இருக்கும்போது, கையொப்பத்துக்காக ஒருவர் கதவைத் தட்டுவார். கையொப்பமிட அரை நிமிடம் போதும். மனத்தில் இருந்தது கலைந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நூற்றுக்கணக்கான வகுப்புகள் உள்ள பாடசாலை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதன் நேரசூசியை நாள்தோறும் மாற்றி அமைப்பதும், இடையிடையே கூட்டத்துக்கு எழுந்து போவதுமே செய்நிரலாளரின் வாழ்வு எனலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் சும்மா இருப்பதாகத் தோன்றும்.

செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமற் போவது இன்னொரு குறை. 2000ஆம் ஆண்டு பிறக்கும் வேளையில் உலகெங்கும் எழுந்த அச்சத்தை நேயர்களிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கணினியின் நினைவகம் விலைமிக்கதாய் இருந்த காலத்தில் ஆண்டைக் குறிக்க ஈற்றிலுள்ள இரண்டு இலக்கங்களை மாத்திரமே எழுதி வந்தனர். அதனால் 2000ஐயும் 1900ஐயும் கணினி வேறுபடுத்தி அறியாது என்ற நிலை ஏற்பட்டது. பல்லாயிரம் செய்நிரலாளர் பழைய நிரல்களை வரிவரியாகத் தேடித் திருத்தினர். புத்தாண்டு பெரும் கேடின்றிப் பிறந்தது. உடனே, இத்தனை பணமும் வீண், எல்லாம் வெறும் பீதி என்றனர் சிலர். வெள்ளம் வராத ஆண்டிலே குளக்கட்டைத் திருத்தியவனை ஏசுவது போன்றதன்றோ இது?

புதியவற்றின்மீது மேலாளர்க்குள்ள மோகத்தைப் பற்றியும் என் மாணவர் வருந்துவார். நன்றாக ஓடும் நிரலைப் பழையது என்ற ஒரே காரணத்துக்காகக் கழித்துவிடுகின்றார்களாம். 1959ஆம் ஆண்டிலே உருவாகத் தொடங்கிய கோபோல் என்னும் கணினி மொழி இன்றும் வங்கிகள் பலவற்றிற் கணக்குப் பார்க்கின்றது. 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம், பெருந்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்தவர்கள் உதவிக்கு வருமாறு வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அங்கே நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட கணினி முறைமைகள் உழைத்துக்கொண்டிருந்தன. பழையது பயனற்றதாய் இருக்கவில்லை. அதனைப் பேணத் தெரிந்தவர்களையே காணவில்லை.

இவ்வளவும் கூறியதனாற் செய்நிரலாளர் மீது குற்றமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இணையவழிப் படிவங்களை நிரப்பிப் பார்த்தவர்களுக்கு என் கோபம் விளங்கும். முதற்பெயர் என்றும் குடும்பப்பெயர் என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்முன் வைத்து எழுதும் தமிழர், எதை எங்கே இடுவது? ஒற்றை எழுத்தை இட்டால் அது பெயரன்று எனப் படிவம் திருப்பி அனுப்புகின்றது. ஆம்ஸ்டர்டாம் நகர அலுவலர்கள் டைக்ஸ்ட்ராவின் தொழிலை ஏற்க மறுத்ததுபோலவே, இன்று செய்நிரல் நம் பெயரை ஏற்க மறுக்கின்றது! இதனை என் மாணவரிடம் சொல்லி நியாயம் கேட்டேன். அவர் சிரித்தார். "எங்களுக்கு இரண்டு கட்டம் வேண்டும் என்றுதான் சொன்னார்கள், சேர். யார் நிரப்பப் போகிறார்கள் என்று கேட்க நேரம் தரவில்லை" என்றார். கேட்டிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். நேரம் தரவில்லை என்பது விளக்கமாகலாம், நியாயமாகாது.

அண்மைக் காலத்திலே செய்நிரலை எழுதும் பொறிகளே வந்துவிட்டன. வேண்டியதைச் சாதாரண மொழியிற் சொன்னால், செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் நிரலை எழுதித் தருகின்றது. இனிச் செய்நிரலாளருக்கு வேலை உண்டா, பிள்ளையை அத்துறைக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் என்னிடம் கேட்கின்றனர். அவர்களுக்கு நான் புரூக்ஸ் அவர்களின் பழைய கணக்கையே காட்டுகின்றேன். ஒரு மென்பொருள் வேலைக்குரிய காலத்திலே மூன்றிலொரு பங்கு திட்டமிடுதலுக்கு வேண்டும் என்றார் அவர். பாதி சோதித்துப் பார்த்துத் திருத்துவதற்கு. நிரலை எழுதுவதற்கோ ஆறிலொரு பங்கே. எழுதும் வேலையைப் பொறி முற்றாக ஏற்றுக்கொண்டாலும் குறைவது அந்த ஆறிலொன்றுதான். என்ன வேண்டும் என்று தெளிதலும், வந்தது சரிதானா என்று சோதித்தலும் ஆளுக்கே எஞ்சி நிற்கின்றன. பிறர் எழுதிய நிரலை வாசித்துப் பிழை காண்பது, தாமே எழுதுவதிலும் கடினமானது என்பர் அத்துறையினர்.

என் மாணவரின் அலுவலகத்திலும் அப்பொறி வந்துவிட்டது. முன்னர் எழுதிய நேரமெல்லாம் இப்போது வாசிக்கின்றாராம். பொறி வந்த மறுவாரமே அவருடைய மேலாளர் எல்லாத் தவணைகளையும் பாதியாகக் குறைத்துவிட்டார்.