பத்தமடைப் பாயும் நம் பள்ளிவாசலும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், துறையூரில், இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

பள்ளிவாசலின் உட்கூடத்திற்குச் செயற்கை இழைக் கம்பளம் வாங்குவது பற்றிய விலைப்புள்ளியைப் பொருளாளர் அவர்கள் சற்றுமுன் வாசித்தார்கள். கம்பளம் வேண்டாம் என்று சொல்வதற்காக நான் எழவில்லை. முதியவர்களின் முழங்காலுக்கு அது இதமளிக்கும் என்பதை நானும் அறிவேன். ஆனால் இப்போதுள்ள கோரைப் பாய்களை என்ன செய்வது என்று ஒரு சகோதரர் வினவியபோது, "பழைய பாய்தானே, வெளியில் போட்டுவிடலாம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அச்சொல்லைக் கேட்டபின் சில செய்திகளைக் கூறாமல் அமர்ந்திருக்க என்னால் இயலவில்லை.

நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) அவர்கள், பெருமானார் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார்கள். உணவுண்டபின் அண்ணலார் அங்கேயே தொழுகை நடத்த எழுந்தார்கள். அவ்வீட்டில் இருந்ததோ நெடுநாள் பயன்பாட்டினால் கறுத்துப்போன ஒரு பாய். அனஸ் (ரலி) அதன்மீது நீர் தெளித்துத் தூய்மை செய்து விரித்தார்கள். அந்தப் பாயில்தான் அகிலத்தின் அருட்கொடையாம் அண்ணலார் நின்று தொழுதார்கள். பின்னால் சிறுவர் இருவரும், அவர்களுக்கும் பின்னால் அந்த மூதாட்டியும் அணிவகுத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியை மதரஸாவில் ஓதும் காலத்தில் வரிசையில் பெண்கள் நிற்கும் இடத்திற்கான சட்ட ஆதாரமாக மட்டுமே நாங்கள் படித்தோம். அந்தப் பாயைப் பற்றி நான் எண்ணிப் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து, பத்தமடைக்குச் சென்றபோதுதான்.

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகில், தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த ஊர் பத்தமடை. அங்கே பாய் நெய்வோர் பெரும்பாலும் நம் சமுதாயத்து லெப்பைக் குடும்பத்தினர். அவர்களிலும் இன்று தறியில் அமர்வோர் மிகுதியும் பெண்கள். (நம்மைப் பிற சமயத்தார் 'பாய்' என்று அழைப்பது உருதுமொழிச் சொல்லால்தான். எனினும் அவ்வூர்த் தெருவில் நடந்தபோது, தமிழ்ப் பாயும் நமக்கு உரிய பெயரே என்று தோன்றியது.) ஆற்றோரத்தில் விளையும் கோரையை அறுத்து வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் பல நாட்கள் ஊற வைக்கிறார்கள். தேங்கிய நீரில் ஊறினால் அந்த மென்மை வாராதாம். நீரில் ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்திக் கீறி, உள்ளிருக்கும் பஞ்சு போன்ற பகுதியை நீக்கி, நூலிழை போல் மெல்லியதாக ஆக்குகிறார்கள். பிறகு பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, தரையோடு தாழ்ந்த தறியில் ஒவ்வோர் இழையாகக் கையால் செலுத்தி நெய்கிறார்கள். கோரையை ஓடும் நீரில் ஊற வைக்கும் முறையை முதலில் கண்டறிந்தவர் ஹசன் பாவா லெப்பை என்னும் பெரியவர் என்பது அவ்வூர் வழக்கு.

பாயின் நேர்த்தியை 'கவுண்ட்' என்னும் கணக்கால் அளக்கிறார்கள். வீட்டுப் புழக்கத்திற்கான பாய் ஐம்பது கவுண்ட் அளவில் முடிந்துவிடும். நூறு முதல் நூற்று நாற்பது வரை செல்வது பட்டுப்பாய். பட்டு அதில் இழையளவும் இல்லை. தொட்டால் பட்டைப் போன்றிருக்கும், துணியைப் போல் மடியும், அவ்வளவே. முற்காலத்தில் பதங்க மரக்கட்டையின் செஞ்சாயத்தைப் பயன்படுத்தினர். இன்று கடைச்சாயங்களே மிகுதி.

தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், போர்க்கவசத்தின் வளையங்களை அளவு பிசகாமல் இணைக்கும்படி கட்டளையிட்டதையும் 'ஸபஉ' அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். அரசாட்சி கையிலிருந்தும் அவர்கள் தம் கையுழைப்பினால் ஈட்டியதையே உண்டார்கள் என்று நபிமொழி கூறுகிறது. இறைத்தூதர் ஒருவருக்கு இடப்பட்ட கட்டளையில் 'அளவு' என்பது இடம்பெற்றிருப்பதை நான் வியந்ததுண்டு. கவசம் செய்தால் மட்டும் போதாது, வளையத்தின் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். நூற்று நாற்பது கவுண்ட் பாயில் ஓர் இழை தடித்துவிட்டால் அந்த வரி முழுவதும் காட்டிக் கொடுத்துவிடும் என்று பத்தமடையில் கேட்டபோது இந்த வசனமே நினைவுக்கு வந்தது.

இனி என் தவறொன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன். உறவினர் இல்லத் திருமணத்திற்காக மணமக்கள் பாய் ஒன்று வாங்கவே நான் அங்கு சென்றிருந்தேன். விலை கேட்டதும் மலைத்துப்போய், சந்தையில் பேரம் பேசுவதுபோல் பாதிக்கும் குறைவாகக் கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த வயது முதிர்ந்த அம்மையார், "ஹஜரத், கோரைக்கும் சாயத்துக்கும் காசு போட்டுட்டீய. நான் இருபது நாள் தறியில உக்காந்ததுக்கு என்ன போட்டிருக்கீய?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை, கணக்குத்தான் இருந்தது. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை விளக்கி அதற்கு முந்திய வாரம்தான் ஜும்ஆவில் பேசியிருந்தேன். கூலியை விரைந்து கொடுப்பதைப் பற்றிப் பேசிய நான், அதன் அளவைப் பற்றிச் சிந்திக்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

அந்தப் பாயில் மணமக்களின் பெயரை நெய்வதா என்று அவர்கள் கேட்டார்கள். இது அங்கே நெடுநாள் வழக்கம். மணமகனின் பெயரில் 'முஹம்மது' இருந்ததால் நான் தயங்கினேன். நான் வாய் திறக்குமுன் அந்த அம்மையாரே, மிதிபடும் இடத்தில் அப்பெயரை நெய்வதில்லை என்றும், வேண்டுமானால் பிறைவளைவும் கொடியும் மட்டும் போடலாம் என்றும் கூறினார். மார்க்கச் சட்டத்தை நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கலைஞர் என்னும் சொல்லுக்கு இவரை விடப் பொருத்தமானவரை எங்கே தேடுவது? ஆயினும் மேடைகளில் அச்சொல்லை நாம் யார் யாருக்கோ வழங்குகிறோம்.

1953-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது பத்தமடையிலிருந்து ஒரு பாய் பரிசாக அனுப்பப்பட்டதை அவ்வூரார் இன்றும் பெருமையோடு கூறுகிறார்கள். 2013-ஆம் ஆண்டில் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் குறியீடு என்பது பெயரைப் பிறர் திருடாமல் காக்கும் வேலி. அது தறிக்குக் கூலி தராது. நைலான் பாயும் பிளாஸ்டிக் பாயும் மலிவாகத் தெருவில் வருகின்றன. கோரையையே இயந்திரத் தறியில் நெய்யும் பாய்களும் வந்துவிட்டன. கைத்தறிப் பாயைக் கண்டதும் புகழாதவர் இல்லை, வாங்குவோர்தாம் இல்லை. அதனால் அம்மா கற்ற வேலையை மகள் கற்க மறுக்கிறாள். அவளைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இருபது நாள் வேலைக்கு ஐந்து நாள் கூலி பெறும் தொழிலில் தம் பிள்ளையை நம்மில் யார் சேர்ப்போம்?

பத்தமடை தொலைவில் உள்ளது என்று எண்ண வேண்டாம். நம் மாவட்டத்திலேயே முசிறி, தொட்டியம் பகுதிகளில் காவிரிக் கரையோரம் கோரை பயிராகிறது; பாயும் நெய்யப்படுகிறது. பட்டுப்பாய் அளவுக்கு நுட்பமானது அல்ல எனினும், பள்ளிவாசலுக்கும் பந்திக்கும் ஏற்ற உறுதியான பாய் அது. நமக்கும் முசிறிக்கும் உள்ள தொலைவு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்திற்குள் அடங்கும். வெளியில் போட்டுவிடலாம் என்று சற்றுமுன் சொல்லப்பட்ட பாய்களும் இத்தகைய கோரையில் நெய்தவையே.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிய கம்பளத்திற்கு வண்ணப்பூ வேலைப்பாடு மிகுந்த மாதிரி ஒன்றைச் சில இளைஞர்கள் விரும்புவதாக அறிந்தேன். வேலைப்பாடு அமைந்த ஒரு மேலாடை தொழுகையில் கவனத்தை ஈர்த்தது என்பதற்காக அண்ணலார் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பினார்கள். ஆகவே எது வாங்கினாலும் ஸஜ்தா செய்யும் இடம் ஒரே நிறமாக இருப்பது நலம். பூவும் கொடியும் திருமண வீட்டுப் பாயில் இருக்கட்டும். அழகை மார்க்கம் தடுக்கவில்லை. அதற்குரிய இடத்தைச் சொல்லித் தந்துள்ளது.

நிர்வாகத்தாரிடம் என் வேண்டுகோள் இதுவே. இப்போதுள்ள பாய்களை வெளியில் போடாமல், ஓரம் கிழிந்தவற்றைத் தைத்து மதரஸாப் பிள்ளைகளின் கூடத்திற்கு வழங்குங்கள். அங்கே இன்று அவர்கள் வெறும் தரையில் அமர்ந்துதான் ஓதுகிறார்கள். நிக்காஹ் மஜ்லிஸுக்கென நல்ல பாய் நான்கு, கையால் நெய்பவர் வீட்டிலேயே சென்று வாங்குங்கள். பத்தமடையா முசிறியா என்பதை வரவு செலவு பார்த்து முடிவு செய்யலாம். விலை பேசச் செல்வோரோடு நானும் வருகிறேன், பேரம் பேசுவதற்காக அல்ல. திருமணச் சீர்வரிசைக்குக் கட்டிலும் பீரோவும் வாங்கும் பெற்றோர், அந்தப் பட்டியலில் ஒரு பாயையும் சேர்த்துக் கொள்ளட்டும். கட்டில், பீரோவைக் குறைத்துக்கொண்டால் இன்னும் மகிழ்வேன். சீர் வாங்குவதைப் பற்றி வேறொரு நாள் விரிவாகப் பேச வேண்டியுள்ளது.

கம்பளத்திற்கான தீர்மானத்தை இனித் தலைவர் அவர்கள் முன்மொழியலாம்.